நாவை அறுத்தபின் ஊமை என்பதா?

2008ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியா தன் இரு முகங்களையும் எட்டு மாதங்களுக்குள் உலகிற்குக் காட்டிற்று. பெப்ரவரி 13ஆம் திகதி கன்பராப் பாராளுமன்றத்தில் பிரதமர் கெவின் றட் எழுந்து நின்று, ஆதிக்குடிகளின் குழந்தைகளைத் தாய்மாரின் மடியிலிருந்து பறித்துச் சென்ற முன்னைய அரசாங்கங்களின் கொடுமைக்காக மன்னிப்புக் கோரினார். சபையிலும் வெளியிலும் கண்ணீர் பெருகிற்று. அந்தக் கண்ணீர் உலர்வதற்குள், ஒக்டோபர் மாதத்தில், டார்வினிலிருந்து ஆளும் வட பிரதேச அரசாங்கம் ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. பிரதேசத்தின் பாடசாலைகள் அனைத்திலும் நாளின் முதல் நான்கு மணி நேரப் போதனை ஆங்கிலத்திலேயே நடைபெறல் வேண்டும் என்பது அந்த உத்தரவு. பறிபோன பிள்ளைக்கு அனுதாபம். பறிபோகாமல் வீட்டிலே எஞ்சிய பிள்ளையின் வாய்க்குப் பூட்டு! இரண்டையும் செய்தவை தொழிற்கட்சி அரசாங்கங்களே. உத்தரவிட்ட கல்வி மந்திரி தாமே ஆதிக்குடி வழியில் வந்தவர் என்று சிலர் சமாதானம் கூறினர். பூட்டியவர் யார் என்பதனால் பூட்டின் இயல்பு மாறிவிடுமா?

உத்தரவுக்குச் சொல்லப்பட்ட காரணம் கேட்கத்தக்கது. அவ்வாண்டு மே மாதத்திலேதான் நாடு முழுவதற்கும் பொதுவான எழுத்து, வாசிப்பு, எண் பரீட்சை முதன்முதலாக நடத்தப்பட்டது. மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் யாவருக்கும் ஒரே வினாத்தாள். ஒரே மொழி, ஆங்கிலம். வட பிரதேசத்தின் தொலைதூரக் கிராமங்களிலுள்ள பிள்ளைகள் மிகப் பின்தங்கினர். உடனே குற்றவாளி கண்டுபிடிக்கப்பட்டான். ஆசிரியர் தட்டுப்பாடு குற்றவாளி அல்ல. ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள் நெருங்கி உறங்கும் குடியிருப்புக் குற்றவாளி அல்ல. காதில் சீழ் வடிந்து பாதிச் செவிடாகிப் பாடசாலைக்கு வரும் பாலகனின் நோய் குற்றவாளி அல்ல. அவன் பேசும் தாய்மொழியே குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. வாய்க்காலை மறித்துவிட்டு, பயிர் வாடியதற்கு விதையைப் பழிக்கும் கமக்காரனை நாம் எங்கும் கண்டதில்லை. அத்தகைய கமக்காரர்கள் டார்வின் மந்திரிசபையிலே இருந்தனர்.

ஆர்ன்ஹெம் நிலத்திலே யோல்ஙு மக்களின் பிள்ளைக்கு, அல்லது மத்திய பாலைவனத்தில் வார்ல்பிரி பேசும் பிள்ளைக்கு, ஆங்கிலம் இரண்டாம் மொழியாகவேனும் இருப்பது பாக்கியம். பலருக்கு அது மூன்றாம், நான்காம் மொழி. தாய் பேசுவது ஒன்று. தந்தையின் குலத்தார் பேசுவது மற்றொன்று. அயலவர் பேசுவது வேறொன்று. ஆங்கிலமோ ஆசிரியரும் தாதியும் பொலிஸ்காரரும் பேசுவது. ஐந்து வயதிலே அப்பிள்ளை வகுப்பிற்குள் நுழைந்ததும், முன்பின் கேட்டறியாத ஒலியையும், முன்பின் கண்டறியாத எழுத்தையும் ஒரே நாழிகையில் கற்க வேண்டுமென்பது எந்தக் கல்விச் சாஸ்திரத்தின் விதி? வாசிப்பு என்பது தெரிந்த சொல்லை எழுத்திலே அடையாளங் காண்பது. சொல்லே தெரியாதபோது எழுத்து வெறுங் கீறலாகும். பிள்ளை கிளிப்பிள்ளையாகும். பின்னர் வரவு குறையும். வரவு குறைந்ததற்கும் பிள்ளையே பழி சுமக்கும்.

இவ்வுண்மை அவுஸ்திரேலிய அரசாங்கங்களுக்குத் தெரியாததன்று. 1972ஆம் ஆண்டு டிசம்பரில் ஆட்சிக்கு வந்த கஃப் விட்லம், சில நாட்களுக்குள்ளாகவே ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் ஆரம்பக் கல்வி தரும் திட்டத்தை அறிவித்தார். 1973இல் வட பிரதேசத்தில் இருமொழிக் கல்வி ஆரம்பமாயிற்று. முதலில் தாய்மொழியில் எழுத வாசிக்கப் பழக்கி, அந்தப் பழக்கத்தையே பாலமாகக் கொண்டு ஆங்கிலத்திற்கு அழைத்துச் செல்வது அதன் முறை. அதற்கு மொழியறிஞர் வந்தனர். ஊரிலேயே ஆசிரியர் பயிற்றப்பட்டனர். சிறு அச்சுக்கூடங்கள் அமைத்துக் கதைப் புத்தகங்களும் வாசிப்பு நூல்களும் வெளியிடப்பட்டன. இருபதுக்கும் மேற்பட்ட பாடசாலைகள் இவ்வழியைப் பின்பற்றின. வெள்ளையர் "உடைந்த ஆங்கிலம்" என்று எள்ளி நகைத்த கிரியோல் மொழி கூட, அம்மொழியே வீட்டுமொழியாகிவிட்ட ஊரிலே, வகுப்பறை ஏறிற்று. பின்னர் 1998இன் இறுதியில் அன்றைய பிரதேச அரசாங்கம் இத்திட்டத்தைக் கைவிடப் போவதாகக் கூறியது. மக்கள் எதிர்த்தெழவே "இருவழிக் கல்வி" என்று பெயர் மாற்றிக்கொண்டு அது உயிர் பிழைத்தது. பத்தாண்டு கழித்து விழுந்த அடிதான் நான்கு மணி நேர விதி. பாடசாலை நாள் ஏறக்குறைய ஆறு மணி நேரம். மிஞ்சுவது, வெயில் கொளுத்தும் பிற்பகலில் பிள்ளைகள் களைத்துச் சோரும் வேளை. மொழிக்குக் கொடுத்த இடம் அது.

அவ்விதியினால் விளைந்த பயன் யாது? லஜமானு முதலிய வார்ல்பிரி ஊர்களின் பாடசாலைகளிலே வரவு கூடவில்லை, குறைந்தது. சில ஆண்டுகளில் விதி சத்தமின்றி வழக்கொழிந்தது. ஆயினும் சிதறிய ஆசிரியர் குழுக்களும் மூடிய அச்சுக்கூடங்களும் தாமாகத் திரும்பி வரவில்லை. இருமொழிப் பாடசாலை என்று இன்று சொல்லத்தக்கவை விரல்விட்டு எண்ணத்தக்கனவே.

"ஆங்கிலமின்றி அவர்கள் எங்ஙனம் உத்தியோகம் பெறுவர்?" என்று கேட்போர் உளர். எம்மவரிலும் உளர், கொழும்பிலும் உளர், சிட்னியிலும் உளர். ஆங்கிலம் வேண்டாமென்று எந்த யோல்ஙுத் தாயும் சொன்னதில்லை. தாய்மொழியைக் கொன்றுதான் ஆங்கிலத்தைப் பெறவேண்டுமா என்பதே அவளுடைய கேள்வி. இதற்கு யிர்க்காலா என்னும் சிற்றூர் விடை சொல்லும். 1963இலே தம் நிலத்தில் அலுமினியத் தாதுச் சுரங்கம் தோண்ட அரசாங்கம் தம்மைக் கேளாமலே இடங்கொடுத்தபோது, அவ்வூரார் மரப்பட்டையில் தம் குலச் சித்திரங்களைத் தீட்டி, நடுவே யோல்ஙு மொழியிலும் ஆங்கிலத்திலும் மனு எழுதிப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர். அந்த மனுக்கள் இன்றும் பாராளுமன்றக் கட்டடத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. சுரங்கமும் தோண்டப்பட்டது, 1971இல் நீதிமன்றமும் கைவிரித்தது. மனுவைப் போற்றுவார், கோரிக்கையைப் புதைப்பார்! எனினும் அந்த வழக்கின் தோல்வியிலிருந்தே 1976ஆம் ஆண்டின் வட பிரதேச நில உரிமைச் சட்டத்திற்கு வழி பிறந்தது.

அதே ஊரின் பாடசாலையிலே அதிபரானவர் மந்தாவுய் யுனுப்பிங்கு. ஆர்ன்ஹெம் நிலத்து ஆதிக்குடிகளில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற முதல்வர். யோத்து யிந்தி என்னும் இசைக்குழுவின் பாடகர். 1992ஆம் ஆண்டுக்கான சிறந்த அவுஸ்திரேலியர் என்ற விருதைப் பெற்றவர். யோல்ஙு அறிவும் ஆங்கில அறிவும் ஒன்றையொன்று விழுங்காது ஒரே வகுப்பறையில் நடைபெறலாம் என்பதைச் சொல்லிலன்றிச் செயலிலே காட்டியவர். நான்கு மணி நேர உத்தரவு வந்தபோது அதற்கு எளிதில் தலைவணங்க மறுத்த பாடசாலைகளுள் யிர்க்காலாவும் ஒன்று. 2020ஆம் ஆண்டிலே அப்பாடசாலையிலிருந்து எட்டு மாணவர் பல்கலைக்கழகம் புகுவதற்குரிய புள்ளிகளைப் பெற்றுத் தேறினர். அவ்வூர் வரலாற்றில் அதுவே முதன்முறை. தாய்மொழி தடைக்கல்லாயின், அத்தடைக்கல்லை விடாது பற்றிக்கொண்ட ஊரிலிருந்தா இவர்கள் புறப்பட்டிருத்தல் வேண்டும்?

மொழியை வாயிற்கதவின் தாழ்ப்பாளாக்கும் வித்தை அவுஸ்திரேலியாவுக்குப் புதிதன்று. ஆறு குடியேற்ற நாடுகளும் 1901இல் ஒரே கூட்டரசாக இணைந்தபோது, புதிய பாராளுமன்றம் இயற்றிய முதற் சட்டங்களுள் ஒன்று குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். வெள்ளையரல்லாதார் வரக்கூடாதென்று வெளிப்படையாக எழுதினால் லண்டன் மாநகரம் முகஞ் சுளிக்கும். ஆகவே தந்திரமொன்று செய்தனர். வந்திறங்குபவன் ஐரோப்பிய மொழியொன்றில் ஐம்பது சொற்களைச் சொல்வதெழுத வேண்டும். எந்த மொழி? அதிகாரி விரும்பிய மொழி. ஆங்கிலம் தெரிந்தவனுக்குப் பிரெஞ்சு. பிரெஞ்சு தெரிந்தவனுக்கு வேறொன்று. 1909இற்குப் பின்னர் இப்பரீட்சையில் ஒருவரேனும் சித்தியடைந்ததில்லை. 1934இல் பிராக் நகர எழுத்தாளர் ஏகொன் கிஷ், நாசிகளை எதிர்த்துப் பேசுவதற்காக வந்தபோது, பல மொழி வல்லவரான அவரை வேறு வழியின்றி ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழியிலே எழுதச் சொன்னார்கள். கேலிக் மொழி இச்சட்டத்தின் கருத்தில் ஐரோப்பிய மொழியன்று என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, நாடே சிரித்தது. ஸ்கொட்லாந்து வம்சத்தார் மட்டும் கோபித்தனர்! சிரித்தார்களேயன்றிச் சட்டத்தை உடனே நீக்கினார்களில்லை. அது 1958 வரை நின்றது. 2017இலும் பிரசாவுரிமை கோருவோருக்குப் பல்கலைக்கழகம் புகுவோரிடம் எதிர்பார்க்கும் ஆங்கிலத் தேர்ச்சியை விதிக்க அன்றைய அரசாங்கம் முனைந்தது. மேற்சபையில் போதிய ஆதரவு கிடையாமையால் அம்முயற்சி வீழ்ந்தது. பரீட்சை போயிற்று, பரீட்சகரின் மனம் முற்றாகப் போகவில்லை.

இதிலே வியப்புக்குரியது ஒன்றுண்டு. மொழியின் பெயரால் இழிவுபடுவது எத்தகையது என்பதை அவுஸ்திரேலிய வெள்ளையரே நன்கு அறிவர். அவர்களுடைய உச்சரிப்பை இங்கிலாந்தார் கைதிகளின் பேச்சென்று பழித்த காலம் வெகுதூரத்தில் இல்லை. பிள்ளைகளின் உயிரொலிகள் கெட்டுப் போயினவென்று பாடசாலைப் பரிசோதகர் அறிக்கை எழுதினர். 1932இல் தோன்றிய தேசிய வானொலியும் நெடுங்காலம் தென் இங்கிலாந்துக் குரலையே மதித்தது. சிட்னிப் பேராசிரியர் மிச்சல் 1940களில் "எமது உச்சரிப்பில் குறையொன்றுமில்லை, அது எமக்குரியது" என்ற கருத்தைத் துணிந்து முன்வைத்தபோது பலர் சீறினர். 1981இல் மக்குவாரி அகராதி வெளிவந்த பின்னரே தம் ஆங்கிலம் தமக்கே உரிய தேசியப் பேச்சு என்று அந்நாட்டார் நிமிர்ந்து நின்றனர். அந்த நிமிர்வை நாம் பாராட்டுகிறோம். தன் பேச்சு இழிந்ததன்று என்று நிலைநாட்ட ஏறக்குறைய இருநூறு ஆண்டு போராடிய சமூகம், தன் காலடியில் கிடந்த மக்களின் பேச்சை மொழியென்றே ஏற்காதது எந்த நீதி?

1788இல் ஆங்கிலேயர் சிட்னித் துறையில் இறங்கியபோது அக்கண்டத்திலே 250இற்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. இன்று பிள்ளைகள் தாய்ப்பாலோடு கற்கும் வலிமையுடன் நிற்பவை பன்னிரண்டளவே என்று 2020இல் வெளியான தேசிய ஆய்வறிக்கை கூறுகிறது. மற்றவை தாமாகச் செத்தனவல்ல. நிலம் பறிபோயிற்று, மக்கள் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் மிஷன் விடுதிகளிலே அடைக்கப்பட்டனர். அங்கே தாய்மொழியிற் பேசிய பிள்ளை அடிபட்டது. 1997ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை இவற்றைப் பக்கம் பக்கமாக விரிக்கிறது. ஆனால் மொழிகளைக் கொன்றவர்கள் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டனர். கங்காரு என்பது வட குயின்ஸ்லாந்தின் கூகு யிமித்திர் மக்களின் சொல். கொவாலா, டிங்கோ, பூமராங் யாவும் சிட்னிக் கரையோர மக்களின் சொற்கள். தலைநகர் கன்பராவின் பெயரே ஆதிக்குடிச் சொல்லொன்றின் திரிபு. வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டு வீட்டின் பெயர்ப்பலகையை மட்டும் வைத்துக்கொள்வதை வேறு எவ்வாறு வர்ணிப்பது?

கற்க மனமிருந்தால் கற்றிருக்கலாம். குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே டோஸ் என்ற இளம் அதிகாரி, பட்யெகராங் என்னும் இளம்பெண்ணிடம் சிட்னி மொழியைக் கற்று, கேட்டவற்றைக் குறிப்பேடுகளில் எழுதினார். லண்டனில் உறங்கிய அக்குறிப்பேடுகளைத் துணைக்கொண்டே இன்று அம்மக்களின் வழித்தோன்றல்கள் தம் மொழியை மீட்கின்றனர்.

எம் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இம்மொழிகள் எமக்குச் செவிப்பழக்கம் அற்றனவல்ல. நாம் அரிச்சுவடியில் எழுதிப் பழகியபின் தனியே கண்டறியாத ங என்னும் எழுத்தின் ஒலி அவற்றிலே சொல்லின் முதலிலேயே ஒலிக்கும். ன, ண வேறுபாடும், ல, ள வேறுபாடும் அவற்றிற் பலவற்றுக்கு உயிர்நாடி. கால்டுவெல் முதலானோர் இவ்வொற்றுமைகளைக் கண்டு திராவிட உறவு தேடினர். மொழியியலார் அதை ஏற்கவில்லை. நாமும் வீண் பெருமைக்காக உறவு கொண்டாட வேண்டியதில்லை. இன்னொன்றே எம்மைக் கவர்வது. தமிழிலே "நாம்" என்பது வேறு, "நாங்கள்" என்பது வேறு. கேட்போனையும் சேர்த்துக்கொள்வது ஒன்று, விலக்கி நிறுத்துவது மற்றொன்று. யோல்ஙு மொழியிலும் அவ்வாறே "லிமுர்" வேறு, "ஙனபுர்" வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆகவே கன்பராவில் எழுந்து "நாம் அவுஸ்திரேலியர்" என்று ஒருவர் முழங்கும்போது, அது எந்த "நாம்" என்று யோல்ஙுப் பிள்ளை கேட்கலாம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி விடை கிடைத்தது. பாராளுமன்றத்துக்கு ஆலோசனை கூறும் "குரல்" ஒன்றை அரசியலமைப்பில் இடங்கொடுத்து ஏற்குமாறு ஆதிக்குடிகள் கேட்டனர். நூற்றுக்கு அறுபது பேரளவில் மறுத்தனர். ஆறு மாநிலங்களும் மறுத்தன.

பணத்தின் கதையும் இதுவே. அவுஸ்திரேலிய மாணவரில் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் தனியார் பாடசாலைகளில் கற்கின்றனர். நீச்சற்குளமும் நாடக அரங்கும் கொண்ட கல்லூரிகளுக்கும் பொதுப்பணம் செல்கிறது. தேவைக்கேற்பப் பணம் பகிரப்பட வேண்டும் என்று கொன்ஸ்கி குழு 2011இல் விதந்துரைத்தது. ஆயினும் அக்குழு வழிவந்த அளவின்படி பார்த்தால், நாட்டிலேயே மிகப் பெரிய பற்றாக்குறை வட பிரதேசத்து அரசாங்கப் பாடசாலைகளுக்குத்தான். ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறை. அது போதாதென்று, பதிவான பிள்ளைகளை எண்ணாது வந்திருந்த பிள்ளைகளை எண்ணிப் பணங் கொடுக்கும் முறையொன்றும் அங்கே இருந்தது. பிள்ளை வராத பாடசாலைக்குப் பணங் குறையும். பணங் குறைந்த பாடசாலைக்குப் பிள்ளை வராது. கண்டனங்கள் குவிந்தபின் அதனைக் கைவிடுவதாக அறிவித்தனர். இதற்கிடையில் வார்ல்பிரிப் பெண்கள் செய்ததைப் பாருங்கள். தம் நிலத்திலிருந்து எடுக்கப்படும் தங்கத்திற்காகக் கிடைத்த உரிமைப்பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல், 2005இல் கல்வி நிதியமொன்றை நிறுவி, தம் பிள்ளைகளின் மொழிக்கும் படிப்புக்கும் செலவிட்டனர். அரசாங்கத்தின் கடமையை அரசாங்கத்திற்காக அவர்கள் செய்தனர். இவர்களைத்தான் கல்வியில் அக்கறையற்றோர் என்று பத்திரிகைகள் எழுதின.

இனி எம்மவரிடம் வருவோம். வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை 1973இல் முற்றாக நீங்கியபின்னும், சிறப்பாக 1983இன் படுகொலைகளுக்குப் பின்னும், ஈழத்தமிழர் அந்நாட்டிலே குடியேறினர். வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் பலர். வெறுங்கையோடு கடல் கடந்தோரும் பலர். தனிச் சிங்களச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் உள்ளங் கொதிப்பவர்கள் அவர்கள். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் அரசாங்கப் பாடசாலைக் கட்டடங்களில் தமிழ் படிக்கின்றனர். அரசாங்கம் உதவிப்பணம் தருகிறது. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் உயர்தர வகுப்புப் பரீட்சைக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். நன்று, உழைத்துப் பெற்ற உரிமை. ஆனால் 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது நாம் சற்றுத் திகைத்தோம். அந்நாட்டிலே வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறக்குறைய 95,000 பேர். ஆதிக்குடி மொழிகள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டினாலும் வீட்டில் அவற்றைப் பேசுவோர் ஏறக்குறைய 77,000 பேர்! நேற்று வந்த நாம் அந்த மண்ணின் மொழிகள் அனைத்தையும் எண்ணிக்கையில் விஞ்சி நிற்கிறோம்.

இந்நிலையிலே எம்மவர் விருந்துகளில் "அவர்கள் படிக்கமாட்டார்கள், குடிப்பார்கள்" என்று பேசுவதாகக் கேள்விப்படுகிறோம். தோட்டத்துத் தமிழனைப் பற்றிக் கொழும்புத் தமிழன் ஒரு காலத்தில் பேசிய பேச்சு இது. கப்பலோடு ஏற்றிச் சென்றிருக்கிறார்கள் போலும்! மொழி காரணமாக உத்தியோகமும் ஊரும் இழந்தவன், மொழி இழந்தவனைப் பார்த்து உதடு சுழிப்பானாயின், அவன் இழந்ததன் பொருள் அவனுக்கே விளங்கவில்லை என்றாகும். சிட்னி, மெல்பேண் நகரங்களிலுள்ள தமிழ்ச் சங்கங்கள் மாநில மந்திரிகளைத் தமிழ் விழாக்களுக்கு அழைத்து மாலை சூட்டுகின்றன. சூட்டட்டும். தமிழ் வகுப்புக்கு உதவிப்பணம் கேட்டு எழுதும் அதே மனுவிலே, ஆதிக்குடிப் பிள்ளைக்குத் தாய்மொழி வகுப்பறை கேட்டு ஒரு பந்தி எழுதுவதற்கு யார் தடை? எமது வைத்தியர்கள் டார்வினிலும் அலிஸ் ஸ்பிரிங்ஸிலும் கடமையாற்றினால், நோயாளியின் மொழியில் பத்துச் சொல்லாவது கற்பதற்கு யார் தடை?

அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. பிள்ளையின் முதல்மொழி ஆதிக்குடி மொழியாயின் அங்கே இருமொழிக் கல்வி வேண்டும் என்று பாராளுமன்றக் குழுவே 2012இல் விதந்துரைத்தது. அதை நிறைவேற்றட்டும். ஆதிக்குடி ஆசிரியர் பயிற்சியை அவ்வூர்களிலேயே மீண்டும் நடத்தட்டும். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிக்கப் பயின்ற ஆசிரியரை அனுப்பட்டும். தேசியப் பரீட்சையின் அளவுகோலால் ஏழு வயதுப் பிள்ளையின் தாய்மொழியை அடிப்பதை நிறுத்தட்டும். பணக் குறையைத் தீர்க்க 2024இல் மத்திய அரசாங்கமும் வட பிரதேச அரசாங்கமும் உடன்படிக்கை செய்துள்ளன. முழுத்தொகையும் வந்துசேர 2029 வரை பொறுக்க வேண்டுமாம். உடன்படிக்கை கைச்சாத்தான ஆண்டில் ஐந்து வயதில் வகுப்பேறிய யோல்ஙுப் பிள்ளைக்கு அப்பொழுது பத்து வயதாகிவிடும். ஆரம்பப் பாடசாலையின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துபோகும்.